அண்ணன் சேர்த்த ஆதி விலங்குகளும் எடுத்த ஒன்றும்

அண்ணன் இல்லாத முதல் வருடம் ஓடிவிட்டது. நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினர், நண்பர் கைகளில் இப்போது இந்த நினைவு மலர் இருக்கும். மறைந்தவரின் நல்ல குணங்களை எழுதுவதுதான் வழக்கம். அவற்றை நானும் எழுதுகிறேன். ஆனால் அவற்றை மட்டும் எழுதினால் அது அண்ணனைப் பற்றிய கட்டுரையாக இருக்காது.

போன வருடம் அடக்கத் திருப்பலியின் முடிவில் நம் உறவினர் ஒருவர், பிறர் பொருளை ஏறெடுத்தும் பாராதவர் என்று அண்ணனைப் புகழ்ந்து பேசினார். கோயிலின் கடைசி வரிசையில் செல்வி அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் யாரென்று அங்கே என்னையும் என் கணவரையும் தவிர யாருக்கும் தெரியாது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பேச்சு முடியும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் பிறந்தது சாந்தோமில். அப்பா மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். அண்ணன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அம்மா பாவாடை, ரவிக்கை தைத்துக் கொடுத்து வீட்டை ஓட்டினார். பள்ளி முடித்த கையோடு அண்ணன் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கத் தொடங்கினார். அந்த வருமானத்திலேயே இயற்பியலில் பட்டம் வாங்கினார். என் பள்ளிக் கட்டணமும், சீருடையும், கிறிஸ்துமஸ் உடுப்பும் அவர் சைக்கிள் மிதித்து வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்ததில் வந்தவை. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். கணக்கு வராத பிள்ளைக்கு அலுக்காமல் மறுபடியும் மறுபடியும் சொல்லித் தருவார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

அவருக்கு ஒரே ஒரு பித்து இருந்தது. டைனோசர், மயிர் போர்த்த பழங்கால யானை, வாள் போன்ற பல் உள்ள பூனை என்று எப்போதோ பூமியில் வாழ்ந்து அழிந்துபோன விலங்குகளின் பழைய பொம்மைகளைச் சேர்த்தார். சிறு வயதில், துறைமுகத்தில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்ததில் ஆரம்பித்ததாம். தி.நகர் நடைபாதையில் பளபளப்பாகக் குவித்து விற்கும் புதுப் பொம்மைகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பழைய சாமான் கடைகளில் உடைந்த ரேடியோவுக்கும் தலையில்லாத பொம்மைக்கும் அடியில் கையை விட்டுத் துழாவுவார். கிடைத்ததைத் தலைகீழாகத் திருப்பி வயிற்றில் பொறித்திருக்கும் எழுத்தைப் படிப்பார். கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார். பழைய பிளாஸ்டிக் மெழுகு மாதிரி லேசாக வழுக்குமாம். பழைய பொம்மைகளில் டைனோசர் வாலைத் தரையில் ஊன்றி, மனிதனைப் போல நிமிர்ந்து நிற்கும். அது அப்படி நிற்காது என்று பிறகு கண்டுபிடித்துவிட்டார்கள். செய்தவர்களின் அந்தத் தப்புதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்பார்.

மீசை வைத்த ஆள் ஒருவர் பொம்மைக்குப் பேரம் பேசுவது அவருக்கே கூச்சமாகத்தான் இருந்தது. கடைக்காரரிடம் பையனுக்கு என்று சொல்லுவார். சாப்பாட்டுப் பையில் ஒளித்துக் கொண்டுவருவார். விருந்தாளி வந்தால் நானும் அம்மாவும் ஓடிப்போய் அவர் அறைக் கதவைச் சாத்துவோம்.

கோபாலபுரத்தில் ஒரு பெரிய வீட்டில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு அண்ணன் பாடம் எடுத்துவந்தார். அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. வீட்டுக்காரர் சிறுவனாக இருந்தபோது வெளிநாட்டிலிருந்து வந்த சாமான்கள் அதில் இருந்தன. அவற்றின் நடுவே, முதுகில் கப்பல் பாய் விரித்தது போன்ற துடுப்புடன் ஒரு சாம்பல் நிற விலங்கு. ஒரு பழைய பொம்மை வரிசையில் மற்ற எல்லாம் அண்ணனிடம் இருந்தன. அது மட்டும் இல்லை. பல வருடமாக அதைத் தேடிக்கொண்டிருந்தார். ஒருநாள் அந்தப் பெண் புத்தகம் எடுக்க மாடிக்குப் போன நேரத்தில் அலமாரியைத் திறந்து, அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

இதை எழுத என் கை கூசுகிறது. ஆனால் நடந்தது இதுதான். அண்ணன் திருடினார்.

அந்த அலமாரியைத் தினமும் துடைத்துவந்தவர் செல்வி அக்கா. கோடம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து அந்த வீட்டில் வேலை செய்தவர். வீட்டுக்காரர்கள் அவர்மேல் சந்தேகப்பட்டு, வாசலில் வைத்து அவர் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்காமலேயே வேலையை விட்டு அனுப்பினார்கள். அந்த வீட்டுக் காவலாளியும் செல்வி அக்காவின் தெருவிலேயே குடியிருந்தவர். அன்று சாயங்காலமே தெருவுக்குச் செய்தி போய்விட்டது.

அடுத்த முறை அண்ணன் பாடம் எடுக்கப் போனபோது வேறொரு பெண் காபி கொண்டுவந்து வைத்தார். ஏன் என்று அண்ணன் கேட்க, மாணவி நடந்ததைச் சொன்னாள். அண்ணன் பாடத்தை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

“அந்தக் காபிய நான் குடிச்சேன் பாப்பா. அதக் கேட்டப்புறமும் டம்ளர காலி பண்ணிட்டுத்தான் எழுந்தேன்” என்றார்.

அப்போது எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. உண்மை வெளியே வந்தால் மாப்பிள்ளை வீட்டுக்கும் எட்டும். டியூஷன் வீடுகளும் கதவைச் சாத்தும். அம்மா அழுதுகொண்டே, கல்யாணம் முடியும்வரை பொறுத்துக்கொள் என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் பொம்மையை எடுத்துக்கொண்டு கோபாலபுரம் போனார். வீட்டுக்காரர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, இனிமேல் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று மட்டும் சொன்னாராம். செல்வியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கள் என்று அண்ணன் கெஞ்சியபோது, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாராம். கடைசிவரை அவர்கள் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் செல்வி அக்காவைத் தேடிக் கோடம்பாக்கம் போனபோது என்னையும் துணைக்கு அழைத்தார். குறுகலான தெரு. தண்ணீர் லாரி வந்து நின்றிருந்தது. எல்லாரும் குடத்தோடு நின்றார்கள். செல்வி அக்கா தன் வீட்டு வாசலில் தனியாக நின்றார். வரிசையில் அவர் இல்லை. அண்ணன் அவரிடம் போய், பொம்மையை எடுத்தது நான்தான் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். மன்னிப்புக் கேட்டார்.

“என்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போது? நான் எட்க்கலன்னு எனக்குத் தெரியாதா? அவங்கள்ட்ட சொல்லு” என்று செல்வி அக்கா லாரியைக் காட்டினார்.

அண்ணன் போனார். லாரியின் பக்கத்தில் நின்று, செல்வி எதையும் எடுக்கவில்லை, திருடியது நான், அந்த வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் என்று சொன்னார். முதல் தடவை குரல் எழும்பவில்லை. யாரோ உரக்கச் சொல்லச் சொன்னார்கள். மறுபடியும் சொன்னார். என்ன பொருள் என்று ஒருவர் கேட்டார். பொம்மை என்றார் அண்ணன். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார், அந்தச் சிரிப்பில் அவர் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. நான் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, அவரோடு வந்தவள் என்று தெரியாதபடி ஒதுங்கி நின்றேன். செல்வி அக்கா சிரிக்கவில்லை. தன் குடத்தை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றார்.

அதன் பிறகு டியூஷன்கள் ஒவ்வொன்றாக நின்றன. அண்ணன் புத்தகக் கடை ஒன்றில் விற்பனையாளராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். என் திருமணம் நடந்தது. ஆனால் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் மாமியார் கூடத்தில் இருக்கும் சின்னச் சாமான்களை எடுத்து உள்ளே வைப்பார். அது அண்ணனுக்குத் தெரியும். வந்தால் இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். என் பிள்ளைகளின் பொம்மை காலடியில் கிடந்தால்கூடக் குனிந்து எடுத்துத் தர மாட்டார்.

சேர்ப்பதை விட்டுவிட்டார் என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். விடவில்லை. ஒரு வருடம் கழித்து மறுபடியும் பழைய சாமான் கடைக்குப் போனார். எனக்கு ஆத்திரம் வந்தது. இவ்வளவுக்கும் பிறகா என்று கேட்டேன்.

“ஆச போகல பாப்பா. கையத்தான் அடக்க முடிஞ்சுது” என்றார்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் எதையும் ஒளித்துக் கொண்டுவரவில்லை. தனக்கு என்றே கடைக்காரரிடம் சொல்லி வாங்கினார். அறைக் கதவைத் திறந்தே வைத்தார்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் எடுத்துக்கொண்டு கோடம்பாக்கம் போவார். பல வருடம் செல்வி அக்கா அதை வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். அக்கா ஒரு பள்ளியில் ஆயாவாகச் சேர்ந்து, மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார். அண்ணன் புற்றுநோயோடு அடையாறு மருத்துவமனையில் கிடந்தபோது, யாரும் எதிர்பாராமல் அக்கா வந்தார். சாத்துக்குடி உரித்துக் கொடுத்தார். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, “இப்ப அது இன்னாத்துக்கு, இத்த சாப்டு” என்று சுளையை வாயில் வைத்தார்.

அண்ணனை இரவு பகல் பாராமல் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், எண்ணெய் பூசி ஜெபித்து நோயில் பூசுதல் கொடுக்க வந்த பங்குத்தந்தைக்கும், கடைசி நாட்களில் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், அவரைச் சுமந்து சென்ற தோள்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

செல்வி அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. போன வாரம் இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் முழுவதையும் படித்துக் காட்டினேன். பெயர் வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன் என்றேன்.

“பேர எட்த்துராத. அன்னிக்கு லாரிகிட்ட கேட்டவங்கள்ல பாதிப் பேரு இப்ப இல்ல. புதுசா வந்ததுங்க காதுல, நான் திருடிட்டேன்ற பேச்சு மட்டும்தான் வுழுந்துகீது. எங்க தெருவுக்கும் கொஞ்சம் புக்கு குடு” என்றார்.

அச்சகத்திலிருந்து வரும் முதல் புத்தகக் கட்டை அவரிடம்தான் கொடுக்கப் போகிறேன். வாசல் வாசலாகத் தானே கொடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார்.