பிரேக் வாத்தியாரின் வலது கால்

கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவரின் காலுக்கு ஒரே வேலைதான்: அடுத்தவர் தவறுவதற்குள் முந்திக்கொள்வது. மாணவர்கள் பிரேக் வாத்தியார் என்று பெயர் வைத்திருந்த அந்த மனிதர், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் பொருத்திய இரண்டாவது பிரேக்கின் மேல் வலது காலை மிதக்கவிட்டே பாதி ஆயுளைக் கழித்தவர். வாய் "மெதுவா, அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கால் அவசரப்பட்டிருக்கும்.

மாலைகளில் அவர் கிட்டார் வாசிப்பார். மச்சினன் இன்னொரு கிட்டாரில் கார்டு என்னும் சுரக்கூட்டுகளைப் பிடிக்க, அதன் மேல் இவர் மெட்டை ஓடவிடுவார். மச்சினன் வேலை மாறி வேறு ஊருக்குப் போனதும் அந்த இடத்துக்கு லூப்பர் என்ற பெட்டி வந்தது. வாசித்ததைப் பிடித்துவைத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பெட்டி. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதை மட்டும் அதிலுள்ள பொத்தானைக் காலால் அழுத்திச் சொல்ல வேண்டும். வினையே அங்கேதான். ஒவ்வொரு சுற்றும் இம்மியளவு முன்னதாக முடிந்து நொண்டியடித்தது.

நூலக அரங்கில் மாதம் ஒரு மாலை வாசிக்க ஆள் தேடினார்கள். வாசித்துக் காட்டப் போனவர், பெட்டி நொண்டியதும் பாதியில் எழுந்து வந்துவிட்டார். கெஞ்சிக் கேட்டதில் வரும் சனிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் முறை கேட்க அவருக்கு முகமில்லை.

பொத்தான்தான் மோசம் என்று முடிவுகட்டி, தனியாக ஒரு கால் சுவிட்ச் வாங்க மனைவியோடு கடைக்குப் போனார். கடைக்காரம்மா மூன்றை எடுத்துத் தரையில் வைத்தார். ஒன்று 'டக்'கென்று சத்தம் போடும் எஃகுப் பொத்தான். இன்னொன்று மிதித்ததே தெரியாத ரப்பர் பட்டை. மூன்றாவது இரண்டு வரிசைப் பலகை. அகலக் கால் வைத்தால் இரண்டு பொத்தான் அமுங்கும். ஒவ்வொன்றையும் தன் பெட்டியில் மாட்டி, கடைக் கிட்டாரை வாசித்துக்கொண்டே செருப்போடு மிதித்தார், வெறுங்காலால் மிதித்தார், நின்றும் உட்கார்ந்தும் பார்த்தார். மூன்றும் நொண்டின. ஒயரை மாற்றச் சொன்னார். அப்போதும் அதே கதைதான்.

"ஏங்க, மூணும் கூடிப் பேசிக்கிட்டு உங்களக் கவுக்குதா?" என்றாள் மனைவி.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள் அவள். கண்ணாடி சரியில்லை என்று வருபவரின் கண்ணை முதலில் பார்ப்பது அவள் பழக்கம். சுவிட்சுகளை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தாள்.

"தாளம் வர்றதுக்குள்ள கால் எறங்கிடுது. எழும்புறது மட்டும் சரியா தாளத்துல எழும்புது. கார்ல பண்றதத்தான் இங்கயும் பண்றீங்க."

அவர் நம்பவில்லை. இந்த முறை சரியாக அழுத்துவேன் என்று மனதுக்குள் உறுதி சொல்லிக்கொண்டு மிதித்தார். உறுதி முடியுமுன் கால் கீழே இருந்தது. மறுபடி செய்தார், மறுபடியும் அப்படியே. வெட்கத்தைவிட வியப்புதான் அவருக்கு மிஞ்சியது. அழுத்தியது நான் என்றால், இப்போது பார்த்துக்கொண்டு நிற்பது யார்?

காலைத் திருத்தலாமே என்றார் கடைக்காரம்மா. அவர் தலையாட்டி மறுத்தார்.

"இங்க பொறுமையா இருக்கப் பழகிட்டு, ரோட்டுலயும் பொறுமையா இருந்துட்டா? வண்டி எவனையாவது ஏத்திக் கொன்னுடும்மா."

கடைக்காரம்மா அலமாரியின் அடித்தட்டிலிருந்து தூசி படிந்த ஒன்றை எடுத்து வந்தார். அது அழுத்தும்போது வேலை செய்யாது, காலை எடுக்கும்போதுதான் செய்யும். தாமதமாக வருகிறதென்று வாங்கியவர்களெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அவர் மிதித்தார், எடுத்தார். சுற்று பிசிறில்லாமல் முழுதாகத் திரும்பி வந்தது.

"பவர் செட்டாயிடுச்சு" என்றாள் மனைவி.

சனிக்கிழமை நூலக அரங்கின் பொறுப்பாளரான அம்மாவோடு நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கார்டுகளை வாசித்தார். கால் வழக்கம்போல் முந்தி இறங்கியது, தடுக்கவில்லை. கால் மேலே எழும்பியபோது சுற்று மூடியது. மெட்டைத் தொடங்காமல் கேட்டுக்கொண்டே நின்றார். அடுத்த சுற்றும் சரியாக வந்தது. அதற்கடுத்ததும் வருமா என்று பார்க்க ஆசையாக இருந்தது. வந்தது. அதற்குமேல்தான் விரல்கள் நகர்ந்தன.

முடிந்ததும் பொறுப்பாளர் அம்மா அடுத்த மாதத்திலிருந்து வரச் சொன்னார்.

"அந்த ஆரம்பத்துல சும்மா நின்னீங்களே, அத மட்டும் மாத்திடாதீங்க."

அது பெட்டியைச் சோதித்தது, வாசிப்பில் சேராது என்று சொல்ல வாயெடுத்தவர், எதற்கும் யோசித்துக்கொள்ளலாம் என்று ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.