மகளைக் கூட்டிவர முகாமுக்குப் போனது

ஓடக்கூடிய நல்ல காரை, வாசலில் நிற்கும் இராணுவத்துக்கு மரியாதை காட்டவென்று எஞ்சினை நிறுத்தி, இறங்கித் தள்ளிக்கொண்டு போன மனிதன் இந்த இலண்டன் மாநகரத்தில் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஹவுன்ஸ்லோவில் எங்கள் மகள் குடியிருக்கும் இராணுவ முகாமின் வாசலில் இது நடந்தது. பகல் வேளை. நல்ல வெயில். காவலுக்கு நின்ற பையன் கையைக்கூட உயர்த்தவில்லை. அவனுடைய சீருடை கண்ணில் பட்டதும் என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது, கை தானாகச் சாவியைத் திருப்பியது. அடுத்த கணம் நான் வெளியே நின்று, ஜன்னலுக்குள்ளால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ஒரு பழைய சைக்கிளை உருட்டுவதுபோலக் காரை உருட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே மடியில் சாப்பாட்டுப் பெட்டியோடு இருந்த என் மனைவி சந்திரா, "இஞ்சாருங்கோ, உங்களுக்கு என்ன பிடிச்சது?" என்று கேட்டாள். எனக்கே தெரியாததை அவளுக்கு எப்படிச் சொல்வது?

யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் சைக்கிள் ஓடியவர்களுக்கு இது விளங்கும். இராணுவக் காவலரணுக்குக் கொஞ்சம் முன்பே இறங்கவேண்டும், தொப்பி இருந்தால் கழற்றவேண்டும், உருட்டிக்கொண்டு கடந்து, பிறகு ஏறவேண்டும். வங்கிக்கு வேலைக்குப் போகும் வழியில் எனக்கு இரண்டு காவலரண்கள் இருந்தன. அதில் ஒன்றை ஒருநாள் கைவிட்டுப் போய்விட்டார்கள். மண்மூட்டைகள் மட்டும் மிஞ்சியிருந்தன, அவற்றின் மேல் ஒரு நாய் படுத்திருந்தது. அதற்குப் பிறகும் நாங்கள் எல்லோரும் அந்த இடத்தில் இறங்கி, நாயைப் பார்க்காமல், பணிவாக உருட்டிக்கொண்டு போனோம். ஹரோவில் கணக்காளனாகி, புத்தகங்களுக்கென்று தனியாக ஓர் அறை வைத்திருக்கும் நிலைக்கு உயர்ந்த பிறகும் என் கால்கள் அந்த நாய்க்கு முன்னால்தான் நிற்கின்றன போலும்.

காவல் பையன் ஓடிவந்தான். பயந்துபோய் நான் பாஸ்போர்ட்டை நீட்டினேன். அவன் அதைப் பார்க்கவே இல்லை. "கார் நின்றுவிட்டதா, சேர்?" என்று கேட்டான். இல்லை, பழக்கதோஷம் என்று ஆங்கிலத்தில் விளக்க எனக்கு நேரம் போதவில்லை, தைரியமும் போதவில்லை. "யெஸ்," என்றேன். உடனே இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டான். என்னை உள்ளே ஏறச்சொல்லிவிட்டு மூன்று சிப்பாய்கள் பின்னால் நின்று தள்ள, மண்டபத்துக்கு வரும் மாப்பிள்ளையைப் போல நான் முகாமுக்குள் நுழைந்தேன். சந்திரா நேரே பார்த்துக்கொண்டு, "இனி இதுக்குள்ள சீவிச்சாலும் சரி, வெளியில இறங்கமாட்டன்," என்றாள். பையன் பெருமையோடு சொன்னான்: "கவலைப்படாதீர்கள், இங்கே அருமையான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். கூப்பிட்டு அனுப்பியிருக்கிறோம்."

வந்தது எங்கள் மருமகன் ஜூட். மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம், ஸ்ட்ரெதமில் வளர்ந்த பிள்ளை, பிரித்தானிய இராணுவத்தில் வாகனம் திருத்துபவன். பானெட்டைத் திறந்து குனிந்தான். சாவியைத் திருப்பச் சொன்னான். எஞ்சின் முதல் தரத்திலேயே பாட்டுப் பாடியது. நான் அவன் முகத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தேன். ஜூட் பானெட்டை மூடி, கையில் இல்லாத எண்ணெயைத் துணியில் துடைத்து, சிப்பாய்களுக்குக் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னான்: "பாட்டரியில் ஒரு லூஸ் கனெக்‌ஷன், மாமா. யாருக்கும் வரும்." பிறகு மெல்ல, "ஓக்கே, மாமா?" என்றான். என் மானத்தை அவன் அப்படித் திருத்திக் கொடுத்தது எங்களுக்குப் பெரிய சங்கடமாகப் போய்விட்டது. ஏனென்றால் நாங்கள் போனது அவனிடமிருந்து எங்கள் மகளைப் பிரித்துக்கொண்டு வருவதற்கு.

ஜூட் இன்னும் சில வாரங்களில் ஆப்கானிஸ்தானுக்குப் போகிறான். மகள் தாரணி ஐந்து மாதக் கர்ப்பிணி. அவன் திரும்பும்வரை அவள் எங்களோடு ஹரோவில் இருக்கவேண்டும் என்பது சந்திராவின் முடிவு. சந்திராவின் முடிவு என்றால் எங்கள் வீட்டில் அது நிறைவேறிய தீர்மானம். அறைக்கு இளமஞ்சள் பெயிண்ட் அடித்தாயிற்று. காரின் பின்சீட்டில் பாதியை மடித்து சூட்கேஸ்களுக்கு இடம் விட்டிருந்தோம். முகாமில் அன்று குடும்ப நாள், எல்லாச் சொந்தங்களும் வரலாம் என்று தாரணி அழைத்ததை நல்ல சாட்டாக எடுத்துக்கொண்டோம். "நீங்கள் சும்மா என்ர பக்கத்தில நிண்டு ஓம் சொன்னால் காணும்," என்பது எனக்குக் கிடைத்த கட்டளை.

இராணுவத்துக்குப் பெண் கொடுக்கப்போகும் நம்மவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். வீடு உங்கள் பிள்ளையினுடையது அல்ல, இராணுவத்தினுடையது. சுவர் எல்லாம் மக்னோலியா என்ற ஒரே வெளிறிய நிறம். அதை நிறம் என்பதைவிட நிறம் பூச மறந்ததற்கான மன்னிப்பு என்று சொல்லலாம். மாதாவின் படத்துக்கு ஓர் ஆணி அடிப்பதானாலும் யோசிக்கவேண்டும். போகும்போது ஓட்டை, ஒட்டறை, அடுப்பில் எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இல்லாமல் துடைத்து ஒப்படைக்கவேண்டும், அதிகாரி விரலை அடுப்புக்குள் விட்டுப் பார்ப்பார். தாரணி பொரியலை நிறுத்தி அவியலுக்கு மாறியிருந்தாள். கறிக்குத் தாளிப்பதே பின்கதவுக்கு வெளியே ஒரு சின்ன ஸ்டவ்வில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டவேண்டும். ஆகவே எந்த வீட்டிலும் பெரிய அலுமாரி கிடையாது, திறக்காத பெட்டிகள் உண்டு.

இதையெல்லாம் சந்திரா கண்களாலேயே குற்றப்பத்திரிகையாக எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ட்ரேசி வந்தாள். ஒரு கோப்ரலின் மனைவி. கதவைத் தட்டவில்லை, தன்னிடமிருந்த சாவியால் திறந்துகொண்டு வந்தாள். ஹரோவில் பன்னிரண்டு வருடமாக எங்கள் சுவரோடு சுவராக இருப்பவரின் பெயர், அவருடைய கடிதங்களைத் தபால்காரர் எங்கள் வீட்டுக்குள் போட்ட தயவால்தான் எங்களுக்குத் தெரியும். ட்ரேசி நாற்காலியில் விழுந்து, என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "இதற்கு முந்தி எங்கே இருந்தீர்கள்?"

இந்த நாட்டில் என்னை எல்லோரும் கேட்பது, "நீ எங்கேயிருந்து வந்தவன்?" என்று. இது வேறு கேள்வி. இந்த முகாமில் யாரும் எந்த ஊரிலிருந்தும் வந்தவர்களில்லை, எல்லோரும் முந்திய இடத்திலிருந்து வந்தவர்கள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. யாழ்ப்பாணம், அங்கேயே நான்கு வீடுகள், கொழும்பு, சென்னை, பிறகு ஈஸ்ட்ஹாம், ஹரோ என்று ஒப்புவித்தேன். ட்ரேசி வாயைப் பிளந்தாள். "கடவுளே, எத்தனை போஸ்டிங்! எந்த ரெஜிமென்ட்?" பிறகு சந்திராவின் கையைப் பிடித்து, "நீங்கள்தான் பாவம். ஒவ்வொரு முறையும் திரைச்சீலை தைத்திருப்பீர்களே," என்றாள். சந்திரா திடுக்கிட்டு அவளைப் பார்த்தாள். உண்மையில் தைத்திருந்தாள். அதை இதுவரை யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. இடம் மாறினால் இராணுவம் தரும் அலவன்ஸ் எங்களுக்குச் சரியாகக் கிடைத்ததா என்றும் ட்ரேசி விசாரித்தாள். இன்னும் வரவில்லை என்றேன்.

மைதானத்தில் பாண்ட் வாத்தியம், பர்கர் புகை, பலூன் கோட்டை. நடுவில் ஒரு கவச வாகனம். அந்த மாதிரி வாகனம் எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும் சத்தத்தை நான் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்து கேட்டிருக்கிறேன், அதன் மேற்பகுதி எப்படியிருக்கும் என்று இதுநாள்வரை தெரியாது. இங்கே அதன்மேல் குழந்தைகள் ஐஸ்கிறீமோடு ஏறியிருந்தார்கள். "மாமா, வாங்கோ," என்று ஜூட் கையை நீட்டினான். நெஞ்சு படபடத்தது. பயமா என்று பார்த்தேன். வெட்கம் என்னவென்றால், அது சந்தோஷம். ஒரு ஹெல்மெட்டை எடுத்து நானே மாட்டிக்கொண்டு, பீரங்கிக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். தாரணி பக்கத்தில் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஜூட் படம் எடுத்தான். தன் தந்தை ஒருவழியாக எதையோ தாண்டிவிட்டார் என்ற பெருமை அந்தச் சிரிப்பில் இருப்பதாக எனக்குப் பட்டது.

நாங்கள் கீழே இறங்கியதும் சந்திரா தொடங்கினாள். "பிள்ளை, அறை ரெடி. இண்டைக்கே உடுப்பை எடு. இவர் போனபிறகு நீ தனிய இருக்க ஏலாது."

"அம்மா, ஹரோவிலதான் நான் தனிய," என்றாள் தாரணி. "அங்க டோர்பெல் அடிச்சால், கெட்ட செய்தியோட ஆமி வந்திட்டுதோ எண்டு எனக்கு மட்டும்தான் பயம். இங்க ஒரு வீட்டில அடிச்சால் எல்லாருக்கும் பயம். ஐ நீட் தட், அம்மா. ட்ரேசியின்ர ஹஸ்பண்டும் போறார். ஆஸ்பத்திரிக்கு அவள்தான் என்னைக் கொண்டுபோறா, அவளின்ர பிள்ளைகளை நான் பார்க்கிறன். இனி மாறேலாது."

"இவள் சொல்றதைக் கேக்கிறியளே? வாயைத் திறவுங்கோ!"

என் தலையில் இன்னும் ஹெல்மெட் இருந்தது. ஜூட் சற்றுத் தள்ளி நின்று நிலத்தைப் பார்த்தான். எனக்காக ஒரு பொய் சொன்ன பையன், தனக்காக ஒரு சொல்லும் கேட்கவில்லை. "இருக்கட்டும், சந்திரா," என்றேன். "அவள் இருக்கட்டும்."

மடித்த பின்சீட்டு மடித்தபடியே வீடு திரும்பினோம். வாசலில் காவல் பையன் கையசைத்தான், நான் காரை விட்டு இறங்கவில்லை. மறுநாள் சந்திரா அந்த மஞ்சள் அறைக் கதவைச் சாத்திவிட்டு, தையல் மெஷினை வெளியே எடுத்தாள். தாரணி வீட்டு ஜன்னல்களின் அளவை எப்போது எடுத்தாளோ தெரியாது.

ஜூட் புறப்பட்டுப்போன கிழமை அந்தப் படம் தபாலில் வந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணை தொலைபேசியில் பேசும்போது மட்டும் எழுந்துபோய் அதைத் திருப்பி வைப்பேன். தொலைபேசிக்குக் கண் இல்லை என்பது எனக்கும் தெரியும். அவர் வைத்தபிறகு மறுபடி நேராக்குவேன்.

ஒருநாள் சந்திரா அந்தப் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். மகளை நினைக்கிறாள், கட்டிலுக்குக் கீழே படுத்திருந்த இரவுகளை நினைக்கிறாள் என்று எண்ணி, ஆறுதலாகச் சொல்வதற்கு இரண்டு நல்ல வசனங்களைத் தயாரித்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"ஹெல்மெட்டை முன்பின்னா மாத்திப் போட்டிருக்கிறியள்," என்றாள். "பிள்ளை சிரிக்கிறது அதுக்குத்தான்."