கால்மாட்டில் தொங்கிய தாள்

கடலூரில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரிக்கு இந்தப் பத்திரிகை வழியாகச் சொல்கிறேன். நீங்கள் ஒரு நல்ல நர்ஸைத் தண்டித்தீர்கள். அவரைக் கூப்பிட்டு ஒரு கேள்விகூடக் கேட்காமல் தண்டித்தீர்கள். புகார் வந்தது, நடவடிக்கை எடுத்தோம் என்பீர்கள். ஆமாம், புகார் எழுதியவன் நான்தான். அதை மறைக்கப் போவதில்லை. நான் செய்ததை நான் எழுதுகிறேன்.

போன வருஷம் மழை ஓய்ந்த சமயம். பிறந்த வீட்டுக்குப் போக, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் குமராட்சி மினி பஸ்ஸுக்காக நின்றிருந்தாள் என் மனைவி. போனில் என்னிடம் பேசிக்கொண்டிருந்தவள், "தலை வெடிக்கிறாப்ல இருக்குங்க" என்றாள். அப்புறம் ஒரே இரைச்சல். பிறகு ஒரு பூக்காரம்மாவின் குரல்: "உங்க வூட்டம்மா வுழுந்துட்டாங்க, சீக்கிரம் வாங்க."

மூளையில் ரத்தக்கசிவு என்றது ஸ்கேன். காரணம் பிரஷர். அவளுக்குப் பிரஷர் இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். வீடு கடலூரில் என்பதால் உங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து சேர்த்தோம். மண்டையில் சின்னத் துளை போட்டு, உள்ளே தேங்கியது வடிய ஒரு குழாய் வைத்தார்கள். இடது கையும் காலும் அசையவில்லை. கண் திறந்து பார்த்தாள், பேச்சு இல்லை. பிழைப்பாள், ஆனால் எழுந்து நடப்பாளா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. எனக்கு வேறு எந்தக் கவலையும் அப்போது இல்லை, இது ஒன்றுதான்.

நாலாம் நாள் காலை, ஐசியூ கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அவளைத் தூக்கிக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்திருந்தார்கள். கால் இரண்டும் தொங்குகின்றன. தலை ஒரு பக்கம் சாய்கிறது. ஒரு நர்ஸ் கட்டில் மேலேயே மண்டி போட்டு, அவள் முதுகைத் தன் தோளால் தாங்கிக்கொண்டிருந்தார். இன்னொரு நர்ஸ் முன்னால் நின்று முழங்காலைப் பிடித்திருந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"என்னா பண்றீங்க? மண்டையில ரத்தம் கசிஞ்சவள உக்கார வெப்பாங்களா?"

"சார், சத்தம் போடாதீங்க, அவுங்களுக்குப் பிரஷர் ஏறிடும்" என்றார் பின்னால் இருந்த நர்ஸ். "ரெண்டே நிமிஷம். படுத்தே கெடந்தா நெஞ்சுல சளி கட்டும், காலும் மறந்து போயிடும். டாக்டர் எழுதிக் குடுத்துதான் செய்யறோம். கால்மாட்டுல தாள் தொங்குது, பாருங்க."

நான் பார்க்கவில்லை. என் பின்னாலேயே வந்திருந்தான் என் மச்சான், அவள் தம்பி. காட்டுமன்னார்கோயிலில் ரைஸ் மில் பார்க்கிறான். "மாமா, டாக்டரு ஒருத்தரையும் காணும். நர்சம்மா பி.டி. கிளாஸ் நடத்துறாங்க. அசைக்கவே கூடாதுன்னு ஊருல எல்லாரும் சொல்றாங்க" என்றான்.

ஊரில் எல்லாரும் சொன்னது எனக்குப் போதுமானதாக இருந்தது. ரிசப்ஷனில் நோட்டைக் கேட்டு வாங்கி, "நர்ஸ் தன் இஷ்டத்துக்கு நோயாளியை எழுப்பி உயிரோடு விளையாடுகிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மச்சானும் போட்டான்.

மறுநாள், முதுகைத் தாங்கிய அந்த நர்ஸ் ஐசியூவில் இல்லை. எனக்குத் திருப்தி. வேறு நர்ஸ்கள் வந்தார்கள், மருந்து கொடுத்தார்கள், பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தார்கள். அதற்கு மேல் யாரும் தொடவில்லை. மூன்று நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் அவள் மூச்சில் கர்கர் என்று சத்தம். குதிகாலில் சிவப்பாக ஒரு தடம். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நர்ஸிடம், "ஏன் உட்கார வைக்கிறதை நிறுத்தினீங்க?" என்று கேட்டார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். "கம்ப்ளெயின்ட் ஆயிடுச்சு டாக்டர். எங்களுக்கு எதுக்கு வம்பு?"

டாக்டர் என்னைத் திட்டவில்லை. கால்மாட்டில் தொங்கிய தாளைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நான் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக ஷிப்ட் ஆபரேட்டர். எங்களிடம் ஒரு பைப்பைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் பெர்மிட் போட வேண்டும். எந்த வால்வை மூடுவது, பிரஷர் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும், யார் பக்கத்தில் நிற்பது, என்ன நடந்தால் உடனே நிறுத்துவது, எல்லாம் அதில் இருக்கும். ஆபத்து என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தலாம், ஹெல்ப்பர்கூட நிறுத்தலாம். ஆனால் நிறுத்தியவன் அடுத்த நிமிஷம் பெர்மிட்டை வாங்கிப் படிக்க வேண்டும். படிக்காமல் கத்துகிறவனை நானே எத்தனையோ தடவை காய்ச்சியிருக்கிறேன்.

என் கையில் இருந்தது பெர்மிட். பிரஷர் இவ்வளவுக்குள் இருந்தால் மட்டும். உட்கார வைக்கும் முன் தலைக் குழாயை மூட வேண்டும், அது வடிகிற பையின் உயரத்தைச் சரிபார்த்த பிறகே திறக்க வேண்டும். இரண்டு பேர் கட்டாயம். முகம் மாறினால் உடனே படுக்க வை. கீழே டாக்டரின் கையெழுத்து. அதற்கும் கீழே அந்த நர்ஸின் கையெழுத்தில் நாலாம் நாளின் குறிப்பு: "இரண்டு நிமிடம் உட்கார்ந்தார். கணவரின் குரல் கேட்டதும் தலையைத் திருப்பினார்."

நான் கத்திய கத்தலுக்கு அவள் தலையைத் திருப்பியிருக்கிறாள். அதை அவர் கவனித்து எழுதியிருக்கிறார். எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

அவரைக் கீழே ஊசி போடும் அறைக்கு மாற்றியிருந்தீர்கள். அங்கேதான் கண்டுபிடித்தேன். காய்ச்சலுக்கு வந்தவர்களுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

"தாளைப் படிச்சுட்டேன் சிஸ்டர். தப்பு என்னுதுதான். மேல வாங்க."

"எனக்கென்னா சார் கொறை? இங்க நேரத்துக்குச் சாப்பாடு, அஞ்சு மணிக்குச் சிதம்பரம் பஸ்ஸு" என்றார். சிரிக்கவில்லை. கையிலிருந்த ஊசியைக் குப்பையில் போட்டுவிட்டு, "தலையைத் திருப்புறாங்களா இன்னும்?" என்று கேட்டார்.

நிர்வாக அதிகாரியே, அன்றைக்குத்தான் உங்கள் அறைக்கு வந்தேன். புகாரை வாபஸ் வாங்குகிறேன், தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். "பார்க்கலாம் சார், ரிஸ்க் எடுக்க முடியாது" என்றீர்கள். டாக்டர் சண்டை போட்டதால்தான் தினமும் காலையில் அரை மணி நேரம், என் மனைவிக்கு மட்டும், அவரை மேலே விட்டீர்கள்.

துணைக்கு ஐசியூ நர்ஸ் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு அவர் வந்தார். பிரஷர் பார்த்தார். குழாயை மூடினார். மூடிவிட்டு, சரியாக மூடியிருக்கிறதா என்று விரலால் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். எங்கள் பிளான்ட்டில் நல்ல ஆபரேட்டர் செய்கிற அதே வேலை. என்னைப் பார்த்து, "சும்மா நிக்காதீங்க, எதுக்க வந்து நில்லுங்க. உங்கள பாத்தா நிமிருவாங்க" என்றார். நின்றேன். முதல் நாள் மூன்று நிமிஷம். நாலாம் நாள் பத்து நிமிஷம். ஆறாம் நாள், குழாயை எடுத்த பிறகு, நாற்காலியில் உட்கார வைத்தார். என் மனைவி என்னையே வெகுநேரம் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டு, குழறலாக, முதல் வார்த்தை வந்தது.

"சவரம் பண்ணிக்கினு வரக் கூடாதா?"

நர்ஸ் அப்போதுதான் சிரித்தார். என் மச்சான் வராண்டாவில் போய் நின்று அழுதான்.

எல்லோரும் இப்படி எழுந்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. யாரை எப்போது எழுப்பலாம் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். என் மனைவி எழுந்தாள். இன்றைக்கு இடது காலைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுத் தனியாக நடக்கிறாள். போன வாரம் மினி பஸ்ஸில் ஏறிக் குமராட்சிக்கும் போய் வந்தாள். நான் பின்னாலேயே ஏறினேன், "எதுக்கு வால் மாதிரி?" என்று அதட்டினாள்.

ஆனால் அந்த நர்ஸ் இன்னும் ஊசி போடும் அறையில்தான் இருக்கிறார். செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். கடைசியாகப் போனபோது ஐசியூ கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். மண்டையில் குழாயோடு ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். கால்மாட்டில் அந்தத் தாள் இல்லை.

நிர்வாக அதிகாரியே, நான் தாளைப் பார்க்காமல் கத்தினேன். என்னிடமாவது பயம் என்ற காரணம் இருந்தது. நீங்கள் ஏன் பார்க்கவில்லை? வாபஸ் கடிதம் கொடுத்த பிறகும் அவரை ஏன் திரும்ப அனுப்பவில்லை? அந்தக் கட்டிலில் படுத்திருப்பவரை இப்போது யார் உட்கார வைக்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் என்னை உங்கள் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பதில் சொல்ல வேண்டாம். இதே பத்திரிகையில் எல்லோரும் படிக்க எழுதுங்கள். வீட்டில் அவள் காலை இழுத்து நடந்து வரும் சத்தம் கேட்கும்போதெல்லாம், நான் நிறுத்தி வைத்த அந்த மூன்று நாள் எனக்கு ஞாபகம் வருகிறது. உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.