தரையோடு வந்த குளிர்

என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். நான் கல்லூரிக்குப் போகும் நாட்களில், தல்லாகுளத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அவளைப் பார்த்துக்கொள்வார். அன்று அவர் திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால், குழந்தையை ஆய்வகத்துக்கே தூக்கிச் சென்றேன். லீவு போட்டிருக்கலாம். ஆனால் திரவ நைட்ரஜன் வந்துவிட்டால் அன்றே பயன்படுத்தியாக வேண்டும், வைத்தால் ஆவியாகிவிடும்.

அதை மாட்டாஸ்பத்திரியிலிருந்துதான் வாங்குவோம். காளை விந்தைக் கெடாமல் வைக்க அங்கே அது இருக்கும்.

திரவ நைட்ரஜன் பிளாஸ்க்கை இறக்கி வைத்த கல்லூரி அட்டெண்டர் சிரித்தார். "இம்புட்டுத்தான் குடுத்தாக, டீச்சரம்மா. காளைக்கே பத்தலையாம், கரிக்கு எதுக்குங்கறாக."

தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு நான் செய்த கரி அது. அதற்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத துளைகளை அளப்பதுதான் என் ஆராய்ச்சி. கரி உள்ள கண்ணாடிக் குமிழைத் திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக நைட்ரஜன் வாயுவை உள்ளே விடுவேன். துளைகளின் சுவரில் வாயு ஒட்டிக்கொள்ள, அழுத்தம் குறையும், அழுத்தத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயில் பாதரசம் இறங்கும். அது எங்கே நிற்கிறது என்பதை வைத்துத் துளைகளைக் கணக்கிடலாம். காற்றுப் பட்டால் அளவு பிசகும் என்று ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்தியிருந்தேன்.

மேசையில் போட்டால் உருண்டு விழுவாளோ என்று பயந்து, குழந்தையைச் சுவரோரம் தரையில் பழைய சேலையை விரித்துப் படுக்க வைத்தேன். பால் குடித்ததும் தூங்கிவிட்டாள்.

ஐந்தாவது அளவின்போது குமிழைச் சுற்றியிருந்த திரவம் குறைந்துபோனது. பிளாஸ்க்கைச் சாய்த்து ஊற்றியபோது கை தவறி, நிறையவே தரையில் கொட்டிவிட்டது. வெண்புகை மேலே எழும்பவில்லை. தரையோடு பரவி, மேசைக் காலைச் சுற்றிக்கொண்டு, சுவரோரம் போய் மறைந்தது.

நாம் சுவாசிக்கும் காற்றில் பெரும்பகுதி இதுதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதரசம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. அது நிற்கட்டும் என்று ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நைட்ரஜன் நிறைந்த இடத்தில் மூச்சு முட்டாது, மயக்கம் தூக்கம் போலத்தான் வரும் என்று மாணவிகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அது நினைவுக்கு வந்ததும் திரும்பினேன். குழந்தை அசையவில்லை.

வாரி எடுத்து வெளியே ஓடினேன். தலை என் தோளில் துவண்டு கிடந்தது.

"பிள்ள தூங்குதும்மா, எதுக்குப் பதறுதீக?" என்றார் அட்டெண்டர். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். தரையில் வெள்ளையாகப் படிந்திருந்த உறைபனியைக் கண்டதும் அவர் முகம் மாறியது. அவளுடைய உள்ளங்காலைச் சுண்டினார். ஒருமுறை. இன்னொரு முறை. மூன்றாவதில்தான் அழுதாள்.

இப்போது அவளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. இன்னும் பேச்சு வரவில்லை. சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்கிறார் டாக்டர்.

"எப்பவாவது மூச்சுத் திணறல் வந்திருக்காம்மா?" என்று போன வாரம் கேட்டார்.

"இல்லை" என்றேன். அது பொய்யில்லை. அவளுக்கு மூச்சுத் திணறவே இல்லை.