அல்போன்சம்மா நூத்த நீல வெளிச்சம்

அல்லைப்பிட்டியில் சனத்தைச் சுட்டுப்போட்ட வருஷம் ஊரை விட்டு ஊர்காவற்றுறைக்கு வந்தவர் அல்போன்சம்மா. அன்றிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். பொழுதுபடத் தொடங்கினால் வெளியே தெரியக்கூடிய எந்த வெளிச்சத்தையும் விட்டுவைக்க மாட்டார். வெளிச்சம் தெரிந்தால் உள்ளே ஆள் இருப்பது தெரியும். ஆள் இருப்பது தெரிந்தால் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தை ஒட்டிய அந்தத் தீவில் அநேகமாக எல்லா வீட்டிலும் இதே பயம்தான். ஆகவே யாரும் அவரைப் பகிடி பண்ணவில்லை.

நிவாரண அலுவலகமொன்றில் கூட்டித் துடைப்பதும் குசினியில் தேத்தண்ணி போடுவதும் அவருடைய வேலை. பின்னேரம் எல்லோரும் போனபிறகு அறை அறையாய்ப் போய் விளக்குகளை அணைத்துவிட்டுத்தான், அவர் பேச்சில் 'நூத்துவிட்டுத்தான்', கதவைப் பூட்டுவார்.

ஒரே மகன் ஜெனிஸ்ரன் மேசன் வேலைக்கென்று கிளிநொச்சிக்குப் போனவன். சண்டை தொடங்கியதும் வன்னிக்குப் போகும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அவன் அந்தப் பக்கம், தாய் இந்தப் பக்கம், தொலைபேசியும் கிடையாது. கிளிநொச்சியிலிருந்த இதே நிவாரண நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் செல்வரத்தினம் என்றொரு புண்ணியவான் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அவர் பொடியனைக் கணினிக்கு முன்னால் இருக்க விடுவார். அவன் தமிழை இங்கிலீசு எழுத்தில் தட்டுவான். இங்கே களஞ்சியப் பொறுப்பாளன் மேர்வின் அதை வாசித்துச் சொல்லி, தாய் சொல்வதைத் திருப்பித் தட்டுவான். அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து எட்டு புரட்டாதியில், நிவாரண நிறுவனங்கள் எல்லாம் வன்னியை விட்டு வெளியேற வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி. மகனிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் என்று அல்போன்சம்மா கிழமை முழுக்க மனதுக்குள் சொல்லிக்கொண்டு திரிந்தார்: இனி எங்கே போய் இருக்கப்போகிறாய்? இடம் தெரிந்தால் பிறகு எவரிடமாவது விசாரிக்கலாம்.

பழைய கணினி எரிந்துபோய், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மடிக்கணினி வியாழன்தான் வந்திருந்தது. மேர்வின் இணையத்தைப் போட்டுப் பார்த்து, எல்லாம் சரி என்று வீட்டுக்குப் போய்விட்டான். பின்னேரம் அல்போன்சம்மா அந்த அறைக்குள் போனால், மூடிவைத்த கணினியின் விளிம்பில் ஒரு நீல வெளிச்சம் மின்னிக்கொண்டிருந்தது. யன்னலுக்கு நேரே மேசை. துணியைப் போட்டு மூடிப் பார்த்தார், அதற்குள்ளாலும் தெரிந்தது. தடவிப் பார்த்தபோது பக்கத்தில் சின்னதாய் ஒரு பொத்தான் கைக்குப் பட்டது. தள்ளினார். வெளிச்சம் நின்றது. நிம்மதியாகக் கதவைப் பூட்டினார்.

வெள்ளி காலை இணையம் வரவில்லை.

"நேற்று வடிவா வேலை செய்தது!" என்று மேர்வின் தலையைச் சொறிந்தான். கணினியை நிறுத்திப் போட்டான். கதிரையில் ஏறி, சுவரிலிருந்த இணையப் பெட்டியை நிறுத்திப் போட்டான். கூரைக்கு ஏறி, இணையத்துக்குப் பூட்டியிருந்த வட்டத் தட்டைத் துடைத்தான். பெட்டியையும் கணினியையும் வயரால் தொடுக்கலாமென்றால் வயரை எலி அரித்திருந்தது. அல்போன்சம்மா வாசலில் நின்று செபமாலையை உருட்டினார். ஒவ்வொரு முறையும் அவன் முகத்தைப் பார்த்தார், ஒவ்வொரு முறையும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கடைசியாக யாழ்ப்பாண அலுவலகத்துக் கணினிக்காரர் சில்வெஸ்ரர் தொலைபேசியில் அகப்பட்டார். மேர்வின் எல்லாவற்றையும் ஒப்புவித்தான்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு, அண்ணை... என்ன? லப்ரொப்பிலை நீல லைற்றோ? இல்லை, ஒண்டும் எரியேல்லை."

"தம்பி, அதை நான்தான் நேற்று நூத்தனான்," என்றார் அல்போன்சம்மா.

மேர்வின் கணினியைத் தன் பக்கம் திருப்பினான். அவர் காட்டிய, வயரில்லாமல் இணையத்தைப் பிடிக்கும் பொத்தானைத் தள்ளினான். நீல வெளிச்சம் வந்தது, இணையமும் வந்தது. காலையிலிருந்து காத்துக்கிடந்த சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் திரையில் விழுந்தன. அவன் வாசித்தான்.

"அம்மா வந்திட்டாவோ? ... நிக்கிறன். ... அம்மா இன்னும் வரேல்லையோ? நிக்கிறன். ... கணினியைக் கழட்டப்போகினமாம். போயிட்டு வாறன் அம்மா."

மேர்வின் அவசரமாய்த் தட்டினான். அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. பிறகும் தட்டினான்.

"விடும் தம்பி," என்றார் அல்போன்சம்மா.

"உங்களிலை பிழையில்லை அக்கா. எங்கை போறன் எண்டு அவனெல்லோ ஒரு சொல்லு எழுதியிருக்கோணும்."

அல்போன்சம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"நான் கேட்டால்தானே தம்பி அவன் சொல்லுவான்."