சுவரைப் பார்த்துத் திரும்பிய கேமரா

ரயில்வே சப்வேயில் மழைத்தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று எங்கள் தெருவே லைவில் பார்க்கிறதே, அந்தக் கேமரா நான் செய்ததுதான். ஒரு பழைய போன், ரப்பர் வளையம் வைத்த சாப்பாட்டு டப்பா, மூடியில் ஓட்டை போட்டு ஒட்டிய கண்ணாடித் துண்டு, சுற்றிலும் மீன்தொட்டிக்குப் பூசும் பசை. சப்வே ஓரக் கம்பத்தில் கட்டியிருக்கிறோம்.

செய்ததே என் வீட்டுக்காரருக்காகத்தான். போன மழையில் கம்பெனி விட்டு வரும்போது நடுத் தண்ணீரில் பைக் நின்றுவிட்டது. "இனிமே தண்ணி நின்னா பாலத்து வழியா சுத்திக்கினு வரேன்"னு பாப்பா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். டப்பாவுக்குப் பசை பூசியதும் அவரேதான்.

இன்று சாயங்காலம் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே லைவைப் பார்த்தேன். முட்டிக்கு மேல் தண்ணீர்.

திடீரென்று திரை முழுக்க ஒரு மூக்கு. அப்புறம் மீசை. எங்கள் வீட்டு மீசை!

கேமராவைச் சுவர் பக்கம் திருப்பிவிட்டார். அதற்கப்புறம் தண்ணீரில் பைக் இறங்கும் சத்தம் மட்டும்தான்.

எதிர் வீட்டு அக்கா கமென்ட் போட்டார்: "இன்னாடி, உன் ஊட்டுக்காரரு கேமராவுக்கு முத்தம் குடுக்கறாரு?"

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அவர் வரும்வரை தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தார். ஷூவைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார். "பாலத்துல செம டிராபிக்மா, அதான் லேட்டு."

டப்பாவுக்குள் இதுவரை ஒரு சொட்டு இறங்கவில்லை. பசையும் மிச்சம் இருக்கிறது. கேமராவை அவர் ஹெல்மெட்டிலேயே ஒட்டிவிடட்டுமா, சொல்லுங்கள்.