அக்காவிடம் நான் ஜெயித்த இரண்டு ஆட்டங்கள்

செய்தி மதிய இடைவேளையில் வந்தது. கேரம் பலகையில் நான் தோற்றுக்கொண்டிருந்த நேரம். பிலோமினா அக்காவின் கணவர் ராயப்பன் மாமா போனில் சொன்னார்: "உங்கக்கா காலைல பூட்டா, முரளி. தூக்கத்துலயே. ஆட்டம் நடக்குதா? முடிச்சிட்டே வா. பாதில வுட்டா அவளுக்குப் புடிக்காது." கண்ணைத் துடைத்துக்கொண்டு முடித்தேன். தோற்றேன்.

நந்தனம் அலுவலகத்தில் எங்களோடு இருந்தவர்களுக்குப் பிலோமினா அக்காவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண், கோப்புப் பிரிவில் எழுத்தர், ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி வரை கேரம் பலகைக்கு மகாராணி. பதினோரு வருடம் அவரிடம் தோற்றிருக்கிறேன். உட்காரும்போதே, "இன்னா நைனா, சோறு துன்ட்டியா? தோக்கறதுக்கும் தெம்பு வேணும்ல," என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் ஜெயித்தேன். எட்டுக் காய் வித்தியாசம். தலைகால் புரியாமல் மந்தைவெளிக்கு ஓடி ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிவந்து மூன்று மாடிக்கும் கொடுத்தேன். அக்கா இரண்டு சாப்பிட்டுவிட்டு வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. அதில் கேரம் பவுடர் தேங்கி நின்றது. "பவுடரைப் பலகையில போடணும்க்கா, கையில இல்ல," என்று கிண்டல் செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சுளுக்கு என்று கொஞ்ச நாள் எண்ணெய் தேய்த்தார். பிறகு பீரோ சாவியைத் திருப்ப முடியவில்லை. மாமா கடலுக்குப் போயிருந்ததால் நரம்பு மருத்துவரிடம் நான்தான் கூடப் போனேன். எப்போதிலிருந்து இப்படி என்று அவர் கேட்டதும் அக்கா என்னைக் காட்டினார். "இவன் என்னை ஜெயிச்சிட்டான் டாக்டர். அப்பவே தெரிஞ்சிபோச்சு, உடம்புல பெருசா இன்னாவோ கீதுன்னு."

மருத்துவர் சிரித்துவிட்டார். எல்லாப் பரிசோதனையும் முடிந்த நாளில் அவர் சிரிக்கவில்லை. மோட்டார் நியூரான் நோய் என்றார். தசைகளை அசைக்கும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும், குணப்படுத்த மருந்தில்லை என்று நிதானமாக விளக்கினார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஆட்டோவில் ஏறியதும் என்னைப் பார்த்து, "அப்போ அந்த ஆட்டம் செல்லாது. புரிதா?" என்றார்.

வலது கை போனதும் இடது கையால் பழகி, அதிலும் மூன்று மாதம் எங்களை ஓட ஓட விரட்டினார். அதன்பின் இடது கையும், கால்களும், பேச்சும் போயின. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் உணவு. அறிவு மட்டும் கடைசிவரை கத்தி. சனிக்கிழமைகளில் நான் பட்டினப்பாக்கம் போவேன். சக்கர நாற்காலியிலிருந்து அக்கா காயைக் கண்ணால் காட்டுவார், மாமா அடிப்பார். வலை இழுத்த கை அல்லவா, காய் சமையல்கட்டு வரை பறக்கும். பேச வேண்டுமென்றால் எழுத்து அட்டை. மாமா விரலை நகர்த்த, சரியான எழுத்தில் அக்கா புருவத்தை உயர்த்துவார். நேரம் பிடிக்கும் வேலை என்பதால் திட்டெல்லாம் சுருங்கிவிட்டது. மாமாவுக்கு 'மாடு'. எனக்கு 'நீயும்'.

போன மாதம் கடைசியாக ஆடினோம். ரெட் குழியின் வாயில் நின்றது, அதைத் தொடர்ந்து போட வேண்டிய ஃபாலோ காயும் பக்கத்திலேயே. யார் அடித்தாலும் விழும், ஆட்டமும் முடியும். அக்கா ஜெயிக்கட்டும் என்று வேண்டுமென்றே தவறவிட்டேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கூப்பிட்டும் திறக்கவில்லை.

"இன்னாடா பண்ணே அவள?" என்றார் மாமா.

"தப்புதான்க்கா. ஒழுங்கா ஆடறேன்," என்றேன்.

கண் திறந்தது. காய்களைப் பழைய இடத்தில் வைத்தேன். ரெட்டைப் போட்டேன், ஃபாலோவையும் போட்டேன். அக்காவின் பார்வை எழுத்து அட்டைக்குப் போனது. மாமாவின் விரல் வெகுநேரம் அலைந்தது.

'ஜாங்கிரி எங்க.'

மந்தைவெளிக்கு ஓடினேன். அவரால் விழுங்க முடியாது. மாமா விரல்நுனியில் பாகைத் தொட்டு அவர் நாக்கில் தடவினார். புருவம் உயர்ந்தது.

அடக்கம் முடிந்தபின் மாமா அக்காவின் ஸ்ட்ரைக்கரை என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன். சனிக்கிழமை நான் ஆட வரும்போது மாமாவுக்கு அது தேவைப்படும். நான் வைத்துக்கொள்வது அந்த இரண்டாவது ஆட்டத்தை. அது செல்லும். அக்காவே ஜாங்கிரி கேட்டார்.